பழைய காரில் புது லெதர் சீட் கவர் மாட்டினால் ஏன் சுருக்கம் விழுகிறது?

இங்கே சொல்வது இருக்கிற உறைக்கு மேலே மாட்டும் கவர் அல்ல. பழைய உறையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஃபோமோடு சேர்த்துக் கட்டும் லெதர் உறை.

சீட்டில் பள்ளமாகத் தெரியும் கோடுகள் வெறும் தையல் இல்லை. உறையின் அடியில் ஒரு கம்பி, ஃபோமுக்குள் ஒரு கம்பி, இரண்டையும் சின்ன இரும்பு வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றை வெட்டித்தான் பழையதை எடுக்க வேண்டும், புதியதற்குப் புது வளையம் போட வேண்டும் (கேபிள் டை போட்டாலும் நிற்கும்). உறைக் கம்பி பழைய உறையிலேயே இருக்கும், தூக்கிப் போடும் முன் உருவிக்கொள்ளுங்கள்.

சரி, சுருக்கம்? 15, 20 வருடம் ஆள் உட்கார்ந்த ஃபோம் அமுங்கிப்போயிருக்கும், முக்கியமாக டிரைவர் இறங்கி ஏறும் கதவுப் பக்க ஓரம். உறையோ புது சீட் அளவுக்குத் தைத்தது. பஞ்சு அமுங்கிய தலையணைக்குப் புது உறை போட்ட கதைதான். அமுங்கிய இடத்தில் மெல்லிய ஃபோம் ஒட்டி நிரப்புங்கள், உறையைக் கொஞ்ச நேரம் வெயில் சூட்டில் இளகவைத்து அப்புறம் இழுங்கள்.

சுருக்கத்தைப் பார்த்ததும் சைஸ் தப்பு என்று பலர் கவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். காருக்கென்றே தைத்த கவரில் பெரும்பாலும் சைஸ் சரியாகத்தான் இருக்கும், குறை ஃபோமில்.