ஆளுநர் மறுபடியும் நிற்கிறார். என் வீட்டு வரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். போன வருடம்தான் எனக்கும் கணவருக்கும் குடியுரிமை கிடைத்தது. வருகிற நவம்பரில் முதல் ஓட்டு. ஆளுநர் கிரெக் ஆபட் நான்காவது முறையாக நிற்கிறார். அவர் ஆட்சியில் வீட்டு வரி குறைந்தது என்கிறார்கள். எங்கள் பில்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எதை வைத்து முடிவெடுப்பது? ஓட்டுப் போட என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த பில்லையே எடுத்து மேசைமேல் வையுங்கள். காலின் கவுண்டிப் பக்கம் வீடு என்றால் அதில் நான்கு பெயர்கள் இருக்கும்: ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), ஃபிரிஸ்கோ நகரம், காலின் கவுண்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி), காலின் கல்லூரி. மாநில அரசின் பெயர் இருக்காது. டெக்சாஸ் அரசு வீட்டு வரி வாங்குவதே இல்லை. பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது.

அப்படியானால் ஆளுநருக்குச் சம்பந்தமே இல்லையா? உண்டு, சுற்றி வளைத்து. குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு தொகைக்குப் பள்ளி வரி கிடையாது; அதுதான் ஹோம்ஸ்டெட் விலக்கு. 2023-இல் அது 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆனது, 2025-இல் 1,40,000. இரண்டு முறையும் சட்டமன்றம் நிறைவேற்றி, மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைக்கு வந்தது. ஆளுநரின் பங்கு எங்கே? டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாள் கூடும். (140 வருடத்துக்கு 2 நாள் கூடினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது அங்கே பழைய கேலி.) நடுவில் சிறப்புக் கூட்டம் கூட்டவும், அதில் எதைப் பேசலாம் என்று சொல்லவும் ஆளுநருக்கு மட்டுமே அதிகாரம். 2023-இல் வரியை எந்த வழியில் குறைப்பது என்று மேலவைக்குத் தலைமை தாங்கும் துணை ஆளுநர் டான் பேட்ரிக் ஒரு பக்கமும் கீழவை ஒரு பக்கமும் இழுத்தார்கள். ஆபட் இரண்டு முறை சிறப்புக் கூட்டம் கூட்டிய பிறகுதான் முடிந்தது. ஆக, பெருமையில் அவருக்குப் பங்கு உண்டு. முழுப் பெருமையும் அவருடையது அல்ல.

இதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பித்தீர்களா? வீடு வாங்கினாலே வந்துவிடும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். காலின் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். தாமதமாகிவிட்டாலும் இரண்டு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

சரி, ஆளுநரை எதை வைத்து எடைபோடுவது? நம்மூர் ஆளுநரை மறந்துவிடுங்கள். இவர் முதலமைச்சர் மாதிரி. ஆனால் கையில் கொஞ்சம் கட்டுப்போட்ட முதலமைச்சர். துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்), கணக்குத் துறைத் தலைவர் எல்லோரும் தனித்தனியாக மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். அவர்களை இவர் நீக்க முடியாது.

என் கணிப்பில், டெக்சாஸ் ஆளுநரின் பலம் அவர் நாற்காலியில் எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. இத்தனை முறைதான் நிற்கலாம் என்ற வரம்பு அங்கே இல்லை. மாநில வாரியங்களுக்கு ஆள் போடுவது அவர். பெரும்பாலும் ஆறு வருடப் பதவி. 2015 ஜனவரியிலிருந்து இருக்கிறார் என்றால், அநேகமாக எல்லா இடத்திலும் அவர் நியமித்தவர்களே. அப்புறம் கட்சிக்குள் பிடி. தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை 2023-இல் கீழவை 84க்கு 63 என்று வெட்டியது; அவருடைய கட்சிக்காரர்களே 21 பேர் எதிர்த்தார்கள். அடுத்த வருடம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவர்களில் பலருக்கு எதிராக ஆபட் பிரசாரம் செய்தார், பலர் தோற்றார்கள். 2025-இல் அதே திட்டம் சட்டமானது. அந்தத் திட்டம் உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் விஷயம். இப்படி அவர் நேரடியாகக் கைவைத்த காரியங்களை வைத்து மார்க் போடுங்கள். பில்லில் உள்ள பள்ளி வாரியத்துக்கும் நகர மன்றத்துக்கும் வேறு தேர்தல், பெரும்பாலும் மே மாதம். அதற்கும் போங்கள்.

நியமனம் என்பது தூரத்து விஷயம் இல்லை, உங்களைப் போன்ற புதுக் குடிமக்களைத் தொட்டிருக்கிறது. டெக்சாஸில் தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலாளரை நியமிப்பது ஆளுநர். 2019 ஜனவரியில் அந்த அலுவலகம், குடியுரிமை இல்லாதவர்களாக இருக்கலாம் என்று சுமார் 95,000 வாக்காளர்களைச் சந்தேகப் பட்டியலில் போட்டது. ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்து, பிறகு குடியுரிமை பெற்றவர்கள் அதில் ஆயிரக்கணக்கில். வழக்குப் போட்டு, ஏப்ரலில் சமரசமாகி, பட்டியல் கைவிடப்பட்டது. ஆகவே குடியுரிமைச் சான்றிதழோடு உரிம அலுவலகத்துக்குப் போய் உங்கள் பதிவை மாற்றிவிடுங்கள். எப்போதாவது கவுண்டியிலிருந்து குடியுரிமைச் சான்று கேட்டுக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் பதில் போடுங்கள்.

வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 5. உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது தவிர, மற்றபடி இணையத்தில் பதிவு கிடையாது. படிவத்தில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கொடுக்க வேண்டும். நம் பெயர்களில்தான் சிக்கல்: ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. அடையாள அட்டையும் வாக்காளர் பட்டியலும் ஓரளவு ஒத்துப்போனால் போதும். ஒரு சின்னக் கட்டத்துக்குள் சுருக்கொப்பம் போடச் சொல்லிவிட்டு விடுவார்கள். முன்கூட்டிய ஓட்டு அக்டோபர் 19 முதல் 30 வரை, தேர்தல் நாள் நவம்பர் 3. தபால் ஓட்டு 65 வயதானவர்கள், உடல்நலம் இல்லாதவர்கள், ஊரில் இல்லாதவர்கள் மாதிரி சிலருக்கு மட்டும்.

ஓட்டுச்சீட்டு நீளமானது. ஒரே அழுத்தலில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் போடும் வசதியை 2020 முதல் எடுத்துவிட்டார்கள். ஆளுநர் பதவி மேலேயே வந்துவிடும். நீதிபதிகள் வரிசை கீழே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே கைபேசியை எடுக்க விடமாட்டார்கள். யாருக்கு என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தாளுக்குத் தடையில்லை.