பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்புமா?

கேள்வி: பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா எதைக் கேட்டாலும் "வந்து... வந்து..." என்றே நிற்கிறார். ஆனால் முருகன் பாட்டு போட்டால் கூடவே பாடுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?
- ஒரு மகள், திருச்சி

பதில்: அப்படி நினைக்கவே வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அஃபேசியாவாக, அதாவது மூளை பாதிப்பால் பேச்சும் மொழியும் தடுமாறும் நிலையாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது, அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் சொல்தான் சிக்கும், அறிவு போய்விடாது. 1861-ல் பாரிஸில் டாக்டர் புரோக்கா பார்த்த நோயாளிக்கு 'டான்' தவிர அநேகமாக எதுவும் வாயில் வரவில்லை, ஆனால் மற்றவர்கள் பேசியது பெரும்பாலும் புரிந்தது.

பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் காட்டுங்கள். சாவியையும் சீப்பையும் காட்டிப் பெயர் கேட்பார், "கண்ணை மூடுங்க" என்பார், திருப்பிச் சொல்ல, வாசிக்க, எழுத வைப்பார், எது போயிருக்கிறது எது மிஞ்சியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். பாட்டு வருவது நல்ல விஷயம், ராகமாக இழுத்துச் சொல்லவைக்கும் பயிற்சியே இருக்கிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறமும் நின்றுவிடாது.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, டம்ளரைக் காட்டி "காபியா, டீயா?" என்று கேட்டுக் காத்திருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். குழந்தையிடம் பேசுவதுபோலவும் பேசாதீர்கள், அது அவருக்கு வலிக்கும். மறுபடி வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.