வாசகர் கேள்வி: வார்டா, ஆய்வுக்கூடமா?

கேள்வி: வேலூரில் எம்.பி.பி.எஸ். படிக்கும் என் மகள், ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் ஆய்வும் செய்யும் மருத்துவராக வேண்டும் என்கிறாள். நோயாளிகளையும் பார்த்து ஆய்வும் செய்ய ஒருவரால் இயலுமா? எத்தனை ஆண்டுகள் ஆகும்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இத்துறையில் இவ்விரண்டையும் பிரிப்பதுதான் கடினம். இ. டொனால் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1957-இல் ஆறு நோயாளிகளுக்கு எலும்பு மஜ்ஜை செலுத்தியதை அறிவித்தார். ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களான ஸ்டெம் செல்கள் இருப்பது இந்த மஜ்ஜையில்தான். அவர்களில் ஒருவரும் நூறு நாளைத் தாண்டவில்லை. அவர் துறையைக் கைவிடாமல், செலுத்திய மஜ்ஜை நோயாளியின் உடலில் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்வியோடு நாய்களிடம் செய்யும் ஆய்வுக்குத் திரும்பி, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான திசுப் பொருத்தத்தின் முக்கியத்துவத்தை உணர்ந்த பிறகே 1960-களின் இறுதியில் மீண்டும் நோயாளிகளிடம் வந்தார். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல் டாக்டர் மேமன் சாண்டி இச்சிகிச்சையைத் தொடங்கினார். உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தினாலும், தானமாக வந்த அணுக்கள் நோயாளியின் உடலையே அந்நியமெனத் தாக்கக்கூடும். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணு அளவில் திருத்தித் திரும்பச் செலுத்தினால் இவ்விரு தொல்லையும் இல்லை. அங்கு டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் கடுமையான ஹீமோஃபீலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள ஐந்து பேருக்கு இந்த முறையில் மரபணுச் சிகிச்சை அளித்து, அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றதை 2024-இல் வெளியிட்டனர். அணுக்களைச் சேகரித்தல், கீமோ கொடுத்து மஜ்ஜையில் இடம் ஒழித்தல், மீண்டும் செலுத்துதல் ஆகிய அனைத்தும் மாற்றுச் சிகிச்சை வார்டில் கற்ற கைவேலைகளே.

(மாற்றுச் சிகிச்சையைப் பலர் ‘ஆபரேஷன்’ என்கிறார்கள். நோயாளிக்குக் கத்தி படுவதில்லை. ரத்தம் ஏற்றுவது போல ஸ்டெம் செல்கள் ஒரு பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகின்றன. அதன்பின் ரத்த அணுக்களின் எண்ணிக்கை (‘கவுண்ட்’) ஏறும்வரை தனியறையில் காத்திருக்கும் வாரங்களே மிகக் கடினமானவை.)

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. மூன்று ஆண்டு, ரத்தவியலில் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு மூன்று ஆண்டு என்று குறைந்தது பதினொன்றரை ஆண்டுகள் ஆகும். நுழைவுத் தேர்வுகளுக்கான காத்திருப்பு தனி. இப்போதைக்கு, பயிற்சி மருத்துவராகும்போது ரத்தவியல் வார்டில் சில வாரங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தனியறையின் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தபின் மகளே முடிவு செய்யட்டும்.