மெடிசின் ஷோ என்றால் என்ன? அதை ஏன் ஒரு பேராசிரியர் ஆராய்ந்தார்?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன மருந்து வியாபாரம்தான் மெடிசின் ஷோ. பாட்டு, பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், கோமாளிக் கூத்து எல்லாம் பெரும்பாலும் இலவசம். கூட்டம் நன்றாகச் சேர்ந்ததும் 'டாக்டர்' மேடையேறி பாட்டிலை நீட்டுவார். அவர் உண்மையில் டாக்டரா என்று யாரும் கேட்பதில்லை. டிவி தொடருக்கு நடுவே சோப்பு விளம்பரம் வருகிறதே, அதே கணக்குதான்.

சரி, இதில் ஆராய என்ன இருக்கிறது? நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூக்ஸ் மெக்நமாரா (1937–2009) இதைப் பற்றியே 1976இல் ஒரு நூல் எழுதினார். அச்சிட்ட நாடகத்தை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். இந்தக் கூத்துகளோ பெரும்பாலும் வாய்வழி கற்றவை. ஆடியவர் போனால் கூத்தும் போய்விடும். மிஞ்சுவது நோட்டீஸ், புகைப்படம், பழைய கலைஞர்களின் நினைவு. அப்படிப்பட்ட துண்டுக் காகிதங்களின் அருமை தெரிந்தவர் என்பதாலோ என்னவோ, நியூயார்க்கின் நாடகப் பகுதியான பிராட்வேயில் அரங்குகளை நடத்திய ஷூபர்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கும் அவரே முதல் இயக்குநர்.

அமெரிக்காவின் 1906 உணவு, மருந்துச் சட்டத்தோடு மெடிசின் ஷோ ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் பாட்டிலுக்குள் ஆல்கஹாலோ அபினோ இருந்தால் லேபிளில் சொல்லச் சொன்னது. கூத்து அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஊர்சுற்றியது.