‘ஃபீஸ் கிடையாதுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்குக் கட்டச் சொல்றாங்க?’

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியவைதான். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, கவுன்சலிங் சீட் ஆகியவற்றில் கிடைக்கும் கட்டணச் சலுகைகள் குறித்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. அங்கே ஃபீஸே கிடையாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சேர்க்கப் போனால் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன். ரசீதில் ஏழெட்டு வரி இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் ஏமாறவில்லை அம்மா. ஆனால் கேட்டது நல்லது. ‘கட்டணம் இல்லை’ என்று அரசு சொல்வது டியூஷன் ஃபீஸை மட்டும்தான், அதாவது வகுப்பில் பாடம் நடத்துவதற்கான கற்பிப்புக் கட்டணத்தை. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அது ரத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மற்ற வரிகள் அப்படியேதான் இருக்கின்றன.

அந்த ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். முதலில் சேர்க்கைக் கட்டணம் இருக்கும். அடுத்து சிறப்புக் கட்டணம்: நூலகம், விளையாட்டு, கல்லூரி மலர், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தது அது. பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் பதிவுக் கட்டணம். ஆய்வகம் உள்ள பாடம் என்றால் அதற்கும் ஒரு வரி. இவை பெரும்பாலும் முதல் வருடத்தில்தான் அதிகம். இரண்டாம் வருடம் தொகை குறையும். தேர்வுக் கட்டணம் இந்த ரசீதில் வராது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனியாகக் கட்டச் சொல்வார்கள். அதற்கு இப்போதே கொஞ்சம் எடுத்துவையுங்கள்.

கவனிக்க வேண்டியது, ரசீதில் வராமல் வெளியே வாங்கும் பணம். என் தம்பியைச் சேர்க்கப் போன கல்லூரியில் அலுவலகக் கவுன்டரில் அச்சடித்த ரசீது கொடுத்தார்கள். வராந்தாவில் இன்னொரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பணத்தை வாங்கி டிராயரில் போட்டார்கள். ரசீது எதுவும் தரவில்லை. பி.டி.ஏ. நிதி என்றார்கள். ‘ரசீது வேணும் சார்’ என்று அங்கேயே நின்றோம். பத்து நிமிடம் கழித்து சீல் வைத்த ரசீது ஒன்று வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அதன் பிறகு எழுதிக் கொடுத்தார்கள். பெற்றோர் ஆசிரியர் கழக நிதி நியாயமான செலவுக்கே போகலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரசீது இல்லாமல் கைமாறிய ஒரு ரூபாயைக்கூட நாளைக்கு நிரூபிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் பி.சி., எம்.பி.சி. அல்லது சீர்மரபினர் என்றால், மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு ‘இலவசக் கல்வித் திட்டம்’ என்று ஒன்று தனியாக இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இதற்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கையில் இல்லையே என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சாதிச் சான்றிதழோடு மகளை அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு பார்க்கும் எழுத்தரிடம் போகச் சொல்லுங்கள். யூமிஸ் எண் போட்டாயிற்றா என்றும் கேட்கச் சொல்லுங்கள். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல் கல்லூரியில் இது. இந்த எண் இல்லாமல் எந்த உதவித்தொகையும் நகராது.

கேள்வி: எய்டட் காலேஜ் என்று நம்பித்தான் பையனை பி.காம். சேர்த்தேன். வருடத்துக்குப் பல ஆயிரம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அதே கல்லூரியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கட்டவில்லை. இது என்ன நியாயம்?

பதில்: ஒரே கேட், ஒரே பெயர்ப்பலகை. ஆனால் உள்ளே இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன. உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் சலுகை உண்டு. சுயநிதிப் பிரிவில் சம்பளம் முழுக்க மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான். ‘எஸ்.எஃப்.’ என்றோ ‘ஷிஃப்ட் 2’ என்றோ சொல்வார்கள். உங்கள் பையன் அதில் இருக்கிறான் என்று நினைக்கிறேன்.

இது சட்டப்படி தவறில்லை. ஆனால் சேரும்போது இதை வாய்விட்டுச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். விண்ணப்பத்தின் மூலையில் ஒரு சின்ன எழுத்தில் போட்டுவிட்டால் போதுமா? அப்ளிகேஷன் வாங்கும்போதே ‘இது எய்டடா, எஸ்.எஃப்.பா?’ என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளிலும் சுயநிதிப் படிப்புகள் இருக்கின்றன, அங்கேயும் இதே கேள்வி. இப்போதைக்கு, உதவிபெறும் பிரிவில் காலியிடம் வந்தால் மாற்றித் தரும்படி முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். முதல் சில வாரங்களில் பலர் வேறு படிப்புக்குப் போவார்கள், இடம் விழும்.

கேள்வி: எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். இருவரும் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை. நான் மட்டும் பாலிடெக்னிக் டிப்ளமோ. ஃபர்ஸ்ட் கிராஜுவேட் (எஃப்.ஜி.) சலுகை இருவருக்கும் கிடைக்குமா?

பதில்: ஒருவருக்குத்தான். 2010ஆம் ஆண்டு வந்த இந்தச் சலுகை ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கானது. இரட்டையர் என்றாலும் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. உங்கள் டிப்ளமோ இதற்குத் தடையில்லை, டிப்ளமோ பட்டம் ஆகாது. சாதியும் வருமானமும் இதில் பார்ப்பதில்லை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் யாருக்கு வாங்குவது? இங்கேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இந்தச் சலுகை டியூஷன் ஃபீஸில் மட்டுமே கழியும். அரசுப் பொறியியல் கல்லூரியில் டியூஷன் ஃபீஸே மிகக் குறைவு, அங்கே இதைப் பயன்படுத்தினால் மிச்சமாவதும் குறைவுதான். ஒரு பிள்ளைக்கு அரசுக் கல்லூரியும் இன்னொரு பிள்ளைக்குத் தனியார் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டும் வரும்போலிருந்தால், தனியாருக்குப் போகும் பிள்ளைக்கு வாங்குவதே லாபம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது செல்லாது. ‘மேனேஜ்மென்டில் போட்டாலும் நாங்க எஃப்.ஜி. வாங்கித் தர்றோம்’ என்று சொல்கிற ஏஜென்டிடம் பேச்சைத் தொடராதீர்கள்.

பிள்ளைகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களா? நீங்கள் எழுதவில்லை. படித்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது 7.5 சதவீத இடஒதுக்கீட்டை. 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. அதில் இடம் கிடைத்தால் டியூஷன் ஃபீஸ், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைக்கு எஃப்.ஜி. தேவையே இருக்காது.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்த பிறகே தாசில்தார் அலுவலகத்திலிருந்து கையெழுத்தாகும். கவுன்சலிங் சமயத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். அடுத்த வருடம் பிள்ளை பிளஸ் டூ முடிக்கப்போகிற வீடுகளில், பரீட்சை முடிந்த கையோடு போட்டுவிடுங்கள். தபாலில் படித்து யாராவது பட்டம் வாங்கியிருந்தால் அதை மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிள்ளையும் பொறுப்பு.

கேள்வி: எஸ்.சி. பிரிவு. வருட வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழே. மகனுக்குக் கவுன்சலிங்கில்தான் தனியார் கல்லூரி கிடைத்தது. ‘முதலில் முழுப் பணத்தையும் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்கிறார்கள். வட்டிக்கு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நகையையும் வைக்காதீர்கள். உங்களைப் போன்ற குடும்பங்களுக்காகவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். உங்கள் மகன் அதற்குள் நன்றாகவே வருகிறான்.

சாதி, வருமானச் சான்றிதழ்களையும் கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணையையும் இணைத்து, ‘அரசாணை 92இன்படி கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்’ என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இன்னொரு நகல் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்குப் போக வேண்டும். வாய்ப்பேச்சில் ‘முடியாது’ என்பவர்கள் அரசாணை எண் போட்ட கடிதத்துக்கு முன்னால் அப்படிச் சொல்வது குறைவு.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றிய அரசின் பங்குப் பணம் இப்போது நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆதார் இணைந்த கணக்காக இருக்க வேண்டும். ஆதார் எண்ணை பேங்கில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, உதவித்தொகை வரும்படி என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் அமைப்பு) இணைத்தாயிற்றா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பணம் வந்ததும் அதில் கட்டணப் பகுதியை உடனே கல்லூரியில் கட்டிவிட வேண்டும். வீட்டில் ஆயிரம் கஷ்டம் இருக்கும், தெரியும். ஆனாலும் அந்தப் பணத்தைத் தொட்டுவிட்டால், பரீட்சை நேரத்தில் ஹால் டிக்கெட் வாங்கப் போய்ப் பையன்தான் தலைகுனிந்து நிற்பான்.

கேள்வி: புதுமைப் பெண் பணம் வாங்கினால் மற்ற ஸ்காலர்ஷிப் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் இந்தத் திட்டம் கட்டணச் சலுகை அல்ல. மற்ற உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதை வாங்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ‘தமிழ்ப் புதல்வன்’ இருக்கிறது.

கேள்வி: கலைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு வேளாண்மையில் சீட் வந்துவிட்டது. பணத்தையும் டி.சி.யையும் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: முதலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பைக் கையில் எடுங்கள். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 சதவீதம் பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்கும் மேல் போனால் ஒன்றும் கிடையாது. ஆகவே இன்றைக்கே விலகல் கடிதம் கொடுத்துத் தேதி பதியவையுங்கள். ஒவ்வொரு நாளும் பணம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று அதே அறிவிப்பு சொல்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். கல்வி ‘சேவை’ ஆகாது, கல்வி நிறுவனங்கள் சேவை தருவோர் அல்லர் என்று 2010இலும் 2012இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புகளை வைத்தே மனுவைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். அதைவிட, கல்லூரி முதல்வருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் கடிதம், கூடவே யு.ஜி.சி.யில் புகார். அரசுக் கல்லூரி என்றால் முதலமைச்சரின் குறைதீர்ப்புப் பிரிவான ‘முதல்வரின் முகவரி’ 1100இல் பதிந்து மனு எண்ணைக் குறித்து வையுங்கள். ‘என் விலகல் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, எந்த விதியின்கீழ் பணம் நிறுத்தப்பட்டது’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்தான் செலவு, 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வேளாண்மைக் கல்லூரியில் டி.சி. எப்போது வரும் என்று கேட்டால், கொடுத்த கடிதத்தின் சீல் வைத்த நகலைக் காட்டி அவகாசம் எழுதி வாங்குங்கள். கிடைத்த சீட்டை இதற்காக விட்டுவிடாதீர்கள்.