மொட்டை மாடிக் குழாயை மூடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாடி வீட்டில் ஃப்ளஷ் செய்தால் எங்கள் குளியலறைத் தரை ஜாலியில் 'குளுக் குளுக்' என்று சத்தம் வருகிறது. பின்னாலேயே நாற்றம். ஆசிட் ஊற்றியும் பயனில்லை. – வாசகி, தாம்பரம்

பதில்: ஆசிட்டை நிறுத்துங்கள், இது அழுக்கு நாற்றம் இல்லை. மொட்டை மாடிக்குப் போய்க் கழிப்பறைக் குழாயின் நுனியைப் பாருங்கள். கொசுவுக்குப் பயந்து யாராவது மூடி போட்டிருப்பார்கள், அல்லது தளம் போட்டபோது சிமென்ட் விழுந்து அடைத்திருக்கும்.

ஜாலிக்கு அடியில் உள்ள நானி ட்ராப்பில் (தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) 2 அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை வாயுவை மறிப்பது அதுதான். மேலிருந்து 6 முதல் 10 லிட்டர் தண்ணீர் ஒரேயடியாக இறங்கும்போது முன்னால் உள்ள காற்றைத் தள்ளும், பின்னால் காற்றை இழுக்கும். மேல் வாய் திறந்திருந்தால் காற்று அங்கிருந்து வரும். மூடியிருந்தால் உங்கள் ட்ராப் வழியாக வரும். அதில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

பழைய வீடுகளில் கழிப்பறைக்கு ஒரு குழாய், குளியல் தண்ணீருக்கு இன்னொன்று. குளியல் தண்ணீர் வெளியே கல்லி ட்ராப்பில் (தண்ணீர் தேங்கி வாயுவை மறிக்கும் தொட்டி) விழுந்துதான் சேம்பருக்கு (சாக்கடைக் குழாய்கள் சேரும் மூடி போட்ட தொட்டி) போகும். இப்போது பல வீடுகளில் எல்லாம் ஒரே குழாய். செலவு மிச்சம்தான், ஆனால் மேல் வாய் அடைத்தால் வீடு முழுக்க நாறும்.

மூடியை எடுத்துவிட்டு வென்ட் கௌல் (காற்றுப் போக ஓட்டைகள் உள்ள தொப்பி) மாட்டுங்கள். சால்வென்ட் (குழாய் ஒட்டும் பசை) போட்டு ஒட்டாதீர்கள், சுத்தம் செய்யக் கழற்ற வேண்டிவரும். கொசு வலை கட்டலாம்; தூசி அடைக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாலிதீன் பை கூடவே கூடாது. பக்கத்தில் ஜன்னல் இருந்தால் குழாயை அதற்கு மேலே உயர்த்துங்கள்.

மேல் வாய் திறந்தும் சத்தம் நிற்கவில்லையா? உங்கள் இணைப்பை, குழாய் தரையில் திரும்பும் வளைவுக்குப் பக்கத்திலேயே சேர்த்திருப்பார்கள். அழுத்தம் அதிகமான இடம் அது. கீழ்த்தளத்துக்குத் தனிக் குழாய் போட்டு நேரே சேம்பரில் விடுவதே சரி. அடி வளைவில் 90 டிகிரி பெண்டுக்குப் பதில் 45 டிகிரி பெண்டு இரண்டு போடச் சொல்லுங்கள். குழாய் வாங்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீருக்கான பி.வி.சி. குழாய்) டைப் பி என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் டைப் ஏ, மழைநீருக்கும் காற்றுப் போக்குக்கும் மட்டும்.

கேள்வி: 1980களில் கட்டிய வீடு, எல்லாம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது. பூஸ்டர் பம்ப் வைக்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். உள்ளே துரு ஏறி, அரை அங்குலக் குழாயின் துளை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். பம்ப் வைத்தால் துரு தின்ற மரைகள் சுவருக்குள்ளேயே ஒழுக ஆரம்பிக்கும். சி.பி.வி.சி.க்கு (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) மாறுங்கள். 10 அடி உயர டேங்க் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான், ஆகவே குழாய் அளவில் கஞ்சத்தனம் கூடாது. டேங்கிலிருந்து ஒன்றேகால் அங்குலம், குளியலறை வரை முக்கால், டேப்புக்கு மட்டும் அரை. சாதாரண பி.வி.சி. சால்வென்ட் இதற்கு ஆகாது, சி.பி.வி.சி.க்கு உரியதைத்தான் பூச வேண்டும். டேப் வரும் இடங்களில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங். சுவரைப் பூசுவதற்கு முன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சில பழைய வீடுகளில் எர்த் கம்பியை ஜி.ஐ. பைப்பில்தான் சுற்றியிருப்பார்கள். பைப்பைப் பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டேங்க் ஒருமுறை காலியானால், மறுபடி நிரப்பிய பிறகும் மாடி டேப்பில் தண்ணீர் வருவதில்லை. – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீரை மறிக்கிறது. டேங்கிலிருந்து இறங்கும் குழாயில், கேட் வால்வுக்கு அடுத்து ஒரு டீ (மூன்று வாய் உள்ள 'T' வடிவ இணைப்பு) வைத்து, முக்கால் அங்குலக் குழாயைச் செங்குத்தாக ஏற்றுங்கள். அதன் நுனி டேங்க் நிறையும் மட்டத்துக்கு மேல் ஒரு அடியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் டேங்க் நிறையும்போதெல்லாம் அதன் வழியே கொட்டும். குப்பை விழாமல் நுனியைக் கவிழ்த்து விடுங்கள். அதுவரை, எல்லா டேப்பையும் திறந்துவிட்டுக் கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொன்றாக மூடி வாருங்கள்.