வீட்டு வளவில் கோழி வளர்ப்பதை அயலவர் தடுக்க முடியுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் எங்கள் சொந்த வளவில், வீட்டுத் தேவைக்கான முட்டைக்காகப் பத்துப் பேட்டுக்கோழிகளையும் ஒரு சேவலையும் வளர்க்க எண்ணி, கிழக்கு மதிலோரமாகக் கூடு அடிக்கத் தொடங்கியுள்ளேன். மதிலுக்கு அப்பால் அயலவரின் கிணறு உள்ளது. கோழி வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிட்டு வழக்கும் தொடுப்பேன் என்கிறார். அவரால் தடுக்க முடியுமா?

பதில்: வீட்டுத் தேவைக்குச் சில கோழிகள் வளர்ப்பதை இலங்கையின் பொதுச் சட்டம் தடை செய்யவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான உரிமம் பெரிய பண்ணைகளுக்கே உரியது. ஆனால் உள்ளூராட்சி மன்றங்கள் துணைவிதிகள் மூலம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதால், கோழி வாங்குமுன் உங்கள் மன்றத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் துணைவிதியின் பிரதியைக் கோரலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

சட்டம் தலையிடுவது கோழி வளர்ப்பில் அல்ல, அதனால் எழும் தொல்லையில். நாற்றமும் ஈக்களும் சுற்றாடலில் வாழ்வோரின் உடல்நலத்தையோ வசதியையோ பாதிக்குமானால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்படி, அத்தொல்லையைக் குறித்த காலத்துக்குள் அகற்றுமாறும், இணங்காவிட்டால் மன்றில் தோன்றிக் காரணம் காட்டுமாறும் நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். பாதிப்பு அயலவர் ஒருவருக்கு மட்டுமே எனில், அவர் மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். அங்கே, நீங்கள் உங்கள் காணியை நியாயமான முறையில் பயன்படுத்தினீர்களா என்பதே முதன்மையாக ஆராயப்படும். கோழி வரப்போகிறது என்ற அச்சத்தை மட்டும் வைத்துத் தடைக்கட்டளை பெறுவது எளிதல்ல.

இருப்பினும், இப்போதைய இடத்தில் கூட்டை அமைத்தால் அவருடைய வழக்குக்கு நீங்களே வலுச் சேர்ப்பீர்கள். திருகோணமலையில் மாரி மழையின்போது நிலத்தடி நீர் மேலெழும். அக்காலத்தில் கிணற்றருகே எச்சம் ஊறுவது உடல்நலம் சார்ந்த உண்மையான ஆபத்தாகும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நாற்றத்தை நேரே அவர் வீட்டுப் பக்கம் கொண்டு செல்லும். ஆகவே, கிணற்றுக்கு எட்டத்தில், நீர் தேங்காத மேட்டில், கூரையிட்ட கூடாக அமையுங்கள். தரையில் மரத்தூள் பரப்பி, ஈரமானதை உடனுக்குடன் அகற்றி, எச்சத்தை மூடிய குழியில் மக்க விடுங்கள். சேவலைத் தவிர்த்துவிடுங்கள். பேடுகள் சேவலின்றியே முட்டையிடும். குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் தேவை. அதிகாலைக் கூவலைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அதன்பின் இடமிராது.

கோழிகள் அடுத்தடுத்து இறந்தால் மறைக்காமல் அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோய் பரவலைத் தடுக்கவே இயற்றப்பட்டது.

அயலவர் இணங்காவிட்டால், வழக்குக்குமுன் பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். கூட்டை இடம் மாற்றவும் சேவலைக் கைவிடவும் நீங்கள் முன்வந்ததை அங்கு எழுத்தில் பதிவு செய்யுங்கள். பல்லாண்டு பக்கத்தில் வாழப் போகிறவர்களுக்கு நீதிமன்றத்தைவிட அது உகந்த இடம் என்பது என் உறுதியான கருத்து. பரிசோதகர் வந்தால் கூட்டைக் காட்டி, அவர் கூறும் திருத்தங்களைச் செய்து, திகதியிட்ட படங்களை வைத்திருங்கள். நீதவானின் கட்டளை கிடைத்தால் ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். அதற்குக் கீழ்ப்படியாமை தனிக் குற்றம் என்பதால், குறித்த திகதியில் சட்டத்தரணியுடன் தோன்றுங்கள்.